தபீதாள் வராத அறை

கிழக்குத் தாம்பரம்,
11-2-1973

அன்பு மகன் தாவீதுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அம்மா எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். பூரண சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ அந்த ஜாம்பியா தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாகப் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வர வேண்டும் என்பதே காலையும் மாலையும் என் ஜெபம். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அண்ணி வீட்டை விட்டுப் போனது உண்மையா, நீங்கள் ஏன் தடுக்கவில்லை, புத்தி சொல்லித் திருப்பி அனுப்புங்கள் என்று கோபமாகக் கேட்டிருக்கிறாய். அண்ணன் உனக்கு என்ன எழுதினானோ எனக்குத் தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன், முழுவதையும் வாசித்துவிட்டு அப்புறம் கோபப்படு. ஏரோகிராமில் அடங்காது என்று தாளில் எழுதிக் கவரில் போடுகிறேன்.

நீ புறப்பட்டுப் போன பிறகுதான் இங்கே மதுவிலக்கை எடுத்துவிட்டு சாராயக் கடைகளைத் திறந்தார்கள். நம் சர்ச் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழைய பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையை மாதர் சங்கத்தில் கேட்டு வாங்கினோம். சாயங்காலம் புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்றால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடலாம். பாய் இருக்கும், கஞ்சி இருக்கும், பேச ஓர் ஆள் இருக்கும். காயம் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம், மறுநாள் சர்ச் ஐயரை வைத்துப் புருஷனைக் கூப்பிட்டுப் பேசுவோம். எந்த மதம் என்று கேட்கமாட்டோம். ரிட்டையராகி வீட்டில் சும்மா இருந்த என்னைத்தான் பொறுப்பாகப் போட்டார்கள், சாவியும் என்னிடம்தான். இதையெல்லாம் உனக்குப் பெருமையாக எழுதியிருக்கிறேன், நீயும் உன் கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் கிண்டி இண்டஸ்டிரியல் எஸ்டேட்டில் வேலை முடிந்து சிநேகிதர்களோடு சேர்ந்து குடிக்கப் பழகியிருக்கிறான். உங்கள் அப்பா கையால் தொடாத வஸ்து. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருக்கிற செம்பாக்கம் எவ்வளவு தூரம், நினைத்தால் போய்விட்டு வரலாம், ஆனாலும் ஊரார் வீட்டுக் கதைகளைக் கேட்கவே எனக்குப் பொழுது சரியாக இருந்தது. உன் அண்ணி தபீதாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் தலைவலி என்பாள், குழந்தை சுகந்திக்குச் சளி என்பாள். போன ஆடி மழையின்போது என்று நினைக்கிறேன், ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, "அத்தை, அந்த ரூமுக்கு எந்த மாதிரிப் பொம்பளைங்க வர்றாங்க?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "கல்லுடைக்கிறவங்க, மூட்டை தூக்கறவங்க வீட்டுப் பொம்பளைங்கதான். நம்மள மாதிரிக் குடும்பத்துல இதெல்லாம் ஏது?" என்று சொன்னேன். அவள் மீதி வெங்காயத்தை உரித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். அந்தக் கேள்விக்குள் அவள் என்ன சொல்ல வந்தாள் என்பதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை தாவீது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அண்ணன் பொழுது சாயும் நேரத்தில் குடித்துவிட்டு வந்திருக்கிறான். சம்பளத்தைப் பற்றி இவள் என்னமோ கேட்க, பிடித்துத் தள்ளியிருக்கிறான். இவள் அம்மிக்கல்லின் மேல் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. சுகந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். சைக்கிள் கடை ஹனீஃபாவின் வீடு அது. அவர் சம்சாரம் ஜஹானாராதான் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டு, திரும்பத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அண்ணன் மறுநாள் வாசலில் போய் நின்றபோது ஹனீஃபா, "தெளிஞ்சதுக்கு அப்புறம் வாங்க சார், பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கிறிஸ்துமஸ் அன்று அண்ணன் மட்டும் இங்கே வந்தான். அவளுக்குக் காய்ச்சல் என்றான். நான் நம்பி, பலகாரத்தைப் பொட்டலம் கட்டி அவன் கையில் கொடுத்தனுப்பினேன்.

பண்டிகை கழிந்து ஜஹானாராவே என்னைத் தேடி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சரம்மா. உங்க மருமவ எங்க வூட்லதான் கீது, கையி ஒடிஞ்சி கீது. 'உங்க மாமியாரே ரூம் வச்சிக்கினு கீறாங்களே, அங்க போலாம் வா'ன்னு அதுகிட்ட எத்தினியோ தபா கூப்ட்டேன், மாட்டேன்னுது. மனசு கேக்காம அதுக்குத் தெரியாமத்தான் வந்தேன்" என்றாள். அப்படியே அவளோடு கிளம்பிப் போனேன்.

தபீதாள் உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள், கை கழுத்தில் தொங்கியது. சுகந்தி அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தது. அத்தனை பெண்களைப் பார்த்தவள் நான், முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், ஒன்றும் கேட்கக் கூடாது என்று சங்கத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான். என் வாயில் முதலில் வந்தது, "சர்ச்சுல யாருக்காவது தெரியுமா?" என்கிற கேள்வி. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இதுக்குத்தான் அத்தை நான் அங்க வரல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளே மேலும், "நீங்க அவரோட அம்மா. உங்க புள்ளையப் பத்தி உங்ககிட்டயே வந்து எப்படிச் சொல்றது? சொன்னாலும் ஜெபம் பண்ணி, சமாதானம் பேசி, திரும்ப அங்கதான அனுப்புவீங்க" என்றாள். அந்த அறைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேரை நான் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலர் மறுபடியும் வரவில்லை, நல்லாயிட்டாங்க போலிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனோடு பேசினேன். அழுதான், பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தான். வருஷப் பிறப்புக்குப் பிறகு மறுபடியும் குடித்துவிட்டு வந்தான். பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் சிகிச்சைக்குச் சேர்த்தோம், பாதியில் எழுந்து வந்துவிட்டான். இப்போது என்னோடுதான் இருக்கிறான். வேலைக்குப் போகிற நாளும் உண்டு, போகாத நாளும் உண்டு. குடிக்காத அன்று பூனைபோல வந்து, எனக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். பெற்ற வயிறு, அவனை வெறுக்க முடியவில்லை. அதனால்தான் அவன் விஷயத்தில் என்னை நானே நம்புவதும் இல்லை.

சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து நடந்ததைச் சொன்னேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டேன். பொறுப்பு ஒருத்தர் கையில் இல்லாமல், அக்கம்பக்கத்தில் நான்கைந்து வீடுகளில் பெண்கள் எங்கே வேண்டுமானாலும் போய்க் கதவைத் தட்டலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஜஹானாரா வீடும் அதில் ஒன்று. புருஷனைக் கூப்பிட்டுப் பேசுவது அந்தப் பெண் சரி என்று சொன்னால்தான். நான் இப்போது கஞ்சி காய்ச்சவும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கவும் போகிறேன். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நம் வீட்டுப் பிள்ளையின் கை முறிந்த பிறகு வந்த ஏற்பாடு.

தபீதாளுக்கு அண்ணனிடம் திரும்ப இஷ்டமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் டிரெயினிங் முடித்தவள் அல்லவா, சங்கத்தில் விசாரித்து வெளியூரில் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலோடு இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக் கொடுத்தார்கள். சுகந்தியையும் உடன் வைத்துக்கொள்ளலாம். போகிற அன்று ஸ்டேஷனுக்குப் போனேன். ஜஹானாராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், "உடம்பப் பாத்துக்கோங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள். கட்டுப் பிரித்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை, பெட்டியை இடது கையால்தான் தூக்கினாள். நான் வாங்கப் போனேன், பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான் மகனே. அண்ணனை நீ தெய்வம் மாதிரி நினைப்பவன், உனக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியும். அவனுக்காக ஜெபம் பண்ணு, அவனுக்குத் தனியாகக் கடிதமும் எழுது, ஆனால் அண்ணி மேல் தப்பு என்று எழுதி அவனுக்குத் தெம்பு கொடுக்காதே. அங்கே சிநேகிதர்கள் கூப்பிட்டார்கள் என்று நீயும் விளையாட்டாகக்கூட அதைத் தொடாதே. குளிர் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

எல்லாத் தீங்குக்கும் உன்னை விலக்கிக் காக்கும்படி, உன் அப்பா இருந்தால் செய்வதுபோல உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். மறக்காமல் அண்ணிக்கு நாலு வரி எழுது. எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று கேட்காதே. சுகந்தி எப்படி இருக்கிறாள், உங்கள் கை தேறியதா என்று கேள். உனக்குத் தரலாமா என்று அண்ணியிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதை நீயும் அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம். தினமும் என்னிடம் கேட்கிறான். நான் சொல்லவில்லை.

உன் அன்புள்ள அம்மா,
ரத்தினபாய்