போனவங்க அங்கயே இருக்காங்களா?

நவம்பர் 4, செவ்வாய்

இன்று புது வேலை. ஜூஜுவாடியில் கம்பெனித் தொழிலாளர்களுக்கு வெளிநாட்டு நிதியில் வீடு கட்டப்போகிறார்கள். ஆலோசனை சொல்ல நைரோபியிலிருந்து வாஞ்சிரு என்றொரு அம்மா வந்திருக்கிறார். நான் மொழிபெயர்ப்பாளர். வீட்டில் தமிழ், கடைவீதியில் கன்னடம், காலேஜில் இங்கிலீஷ் — இதற்கெல்லாம் சம்பளம் உண்டு என்று யாருக்குத் தெரியும்!

தொழிலாளர்கள் இப்போது இருக்கும் லைன் வீடுகளைச் சுற்றிக் காட்டினேன். குடும்பத்துக்கு ஒரே அறை, தகரக் கூரை. வாஞ்சிரு அண்ணாந்து பார்த்து, மழை பெய்தால் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டார். அவரும் தகரத்துக்குக் கீழே வளர்ந்தவராம். அங்கேயும் இதே சத்தம்தானா?

நவம்பர் 5, புதன்

வீடு இங்கே இல்லையாம். உத்தனப்பள்ளிப் பக்கம் அடுக்குமாடி. அங்கிருந்து காலை ஷிப்டுக்கு எப்படி வருவார்கள்?

நவம்பர் 6, வியாழன்

இன்று தொழிலாளர்களோடு கூட்டம்.

கூட்டத்தில் மாடி வீட்டுப் படங்களைக் காட்டி முடித்தார்கள். கம்பெனியில் துப்புரவு வேலை பார்க்கும் கெம்பம்மா அக்கா எழுந்தார். "அந்தம்மா ஊர்லயும் இப்படி வேற இடத்துல கட்டிக் குடுத்திருப்பாங்கல்ல, போனவங்க அங்கயே இருக்காங்களா? கேளு பாப்பா."

திட்ட அதிகாரி ஆனந்தராஜ் என் பக்கம் குனிந்தார். அது வேண்டாம், நன்றி சொல்கிறார் என்று சொல்லிவிடுங்கள் என்றார். என்னை வேலைக்கு எடுத்தவரே அவர்தான்.

சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது? ஆனா பதில் என்னன்னு எனக்கே தெரிஞ்சாகணும்போல இருந்துச்சு. கேட்டதை அப்படியே கேட்டுட்டேன்.

வாஞ்சிரு சொன்னார்: "நிறையப் பேர் திரும்பி வந்துட்டாங்க. எங்க அம்மாவும்தான். வீடு நல்லா இருந்தது. வேலை பழைய இடத்துல இருந்தது."

அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். திரும்பும்போது ஆனந்தராஜ் என்னைக் காரில் ஏற்றவில்லை.

நவம்பர் 8, சனி

இனி வர வேண்டாமாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

எனக்குப் பதிலாகச் சுவேதா என்ற பெண்ணாம். நன்றாகப் பேசுகிறாளாம். பொறாமையா? கொஞ்சம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கடைவீதியில் யாரோ சொன்னார்கள் — உத்தனப்பள்ளியைக் கைவிட்டு, லைன் வீடுகளுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தையே அளக்கிறார்களாம். வாஞ்சிருவும் வந்திருக்கிறாராம். பார்க்காமல் இருக்க முடியுமா?

தரையில் அறை அறையாகச் சுண்ணாம்புக் கோடுகள். கெம்பம்மா அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கட்டத்துக்குள் குந்தி அடுப்பு ஊதிக் காட்டினார். வாஞ்சிரு இல்லாத கதவைத் திறந்து உள்ளே வந்து, புகைக்கு இருமினார். இருவரும் சிரித்துக்கொண்டே சுண்ணாம்பைக் காலால் அழித்து, ஜன்னலுக்கு வேறு கோடு போட்டார்கள்.

நடுவில் மொழிபெயர்க்க யாருமில்லை. நான் வேலியோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.