சுருதி ஏறிய மோட்டார்

மாப்ள,

நேற்று சிம்மக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றைக் கடந்தபோது வார்னிஷ் வாடை வந்தது. மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். அந்த வாடையில் முதலில் வந்தது உன் முகம். ஆனால் துக்கம் வரவில்லை, பழைய எரிச்சல்தான் வந்தது. நீ போன பிறகு உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவனியாபுரத்து வெளியில் நம் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்ட அந்தக் கோடை நினைவிருக்கும். இருவரும் ஒன்றாகவே ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்தோம். எண்ணெய் எஞ்சின் டைனமோவைச் சுழற்றும். அந்த மின்சாரத்தில் படம் காட்டும் மெஷினின் மோட்டார் ஓடும். ஒருநாள் இடைவேளைக்குப் பிறகு நீ தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மாப்ள, பாட்டு மேல ஏறுது. அந்தம்மா குரல் கீச்சுங்குது பாரு" என்றாய். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் முதல் குத்து. உன் அப்பா நாயனக்காரர், சுருதி உனக்குப் பிறவியிலேயே வந்தது. எனக்குத் தவம் கிடந்தாலும் வராது.

ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான். மோட்டாரின் மேல் கை வைத்தேன், சுட்டது. அதற்குள் இருக்கும் காந்தம், சுருளில் மின்சாரம் ஓடும்வரைதான் காந்தம். சுருள் சூடேறினால் அதில் ஓடும் மின்சாரம் குறையும், காந்தம் மெலியும். அதனால்தான் வேகம் கூடிவிட்டது, பிலிம் விரைந்து ஓடுவதால் பாட்டும் ஏறுகிறது என்றேன்.

"அதெப்படி? பலம் கொறஞ்சா மெதுவாத்தானே ஓடணும்?"

ஓடுகிற மோட்டார் தானும் ஒரு டைனமோதான், உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். காந்தம் வலுவாக இருந்தால் சாவகாசமாகச் சுற்றினாலே அந்த எதிர்ப்பு கிடைத்துவிடும். மெலிந்துவிட்டால் அதே எதிர்ப்பைக் கொடுக்க இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். நீ கொஞ்சம் யோசித்தாய். "அப்ப காந்தம்தான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. பிடி தளந்தா தறிகெட்டு ஓடுது. அம்புட்டுத்தானே?" மறுநாள் முதலாளியிடம் அந்த ஒரு வரியைச் சொன்னாய். மனிதர் அசந்துபோனார். பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன்.

காந்தச் சுருளோடு ஒரு ரெசிஸ்டன்ஸைச் சேர்த்துக் கட்டினேன். அதன் கைப்பிடியைத் திருப்பித் தடையைக் குறைத்தால் காந்தம் வலுக்கும், வேகம் அடங்கும். கட்டியது நான், காதில் வாங்கித் திருப்பியது நீ. இங்கே பாட்டு சுத்தமாகக் கேட்கிறது என்று சுற்று ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் விசாரித்தது உன்னைத்தான்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை ஆட்டம். காந்தச் சுருளுக்குப் போகும் கம்பி அதிர்வில் அறுந்தது. காந்தத்தின் பிடி அடியோடு விட்டதும் மோட்டார் ஊளையிட்டுக்கொண்டு பறந்தது. பிலிம் அறுந்து, ஒரு துண்டு விளக்கின் முன்னால் நின்றுவிட்டது. அந்தச் சூட்டில் அசையாமல் நிற்கும் பிலிம் நொடியில் பற்றிவிடும். கூடாரம் நிறைய ஜனம், முன்னால் மணலில் குழந்தைகள். வெளிச்சத்தை மறைக்கும் தகடோ இறங்காமல் சிக்கிக்கொண்டது. நீ விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து மறைத்தாய். நான் பாய்ந்து மெயின் சுவிட்சை இழுத்தேன். விளக்கும் மோட்டாரும் ஒன்றாக அடங்கின.

உன் கை வெந்துபோனது. என் கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஜனம் உன்னைத் தோளில் தூக்காத குறை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நீ, "நான் என்னத்தண்ணே செஞ்சேன்? சுவிட்சை அமத்துனது இவன்தான். இல்லாட்டி எல்லாரும் கருகிருப்போம்" என்றாய். சொன்னது அத்தனையும் உண்மை. அவர்களோ அதை உன் தன்னடக்கம் என்று மெச்சினார்கள். என் வீட்டுக்காரி உனக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து, "அண்ணனுக்கு எம்புட்டு நல்ல மனசு" என்றாள். அந்தக் காயத்தின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது, மாப்ள. வெந்தது என் கையாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

முதலாளி டவுனில் தியேட்டர் எடுத்தபோது நீ ஹெட் ஆபரேட்டர், நான் உனக்குக் கீழே. நீ ஒருநாளும் அதிகாரம் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் உன்னை வெறுத்துத் தொலைத்திருப்பேன். அந்த வசதியையும் நீ தரவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, பாட்டு ஏறுவது எனக்கும் கேட்கத் தொடங்கியிருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. பிறகு ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் நாற்காலி எனக்கு வந்தது.

போன மாதம் ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி மெஷின் அறைக்கு வந்தார். தவில்காரராம்.

"கடைசி வரைக்கும் சுருதி பிசகலையே. மெசின் ஓட்டுறது யாரு தம்பி?"

"நான்தாங்கய்யா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்ன ஒருத்தர் இருந்தாரு. அவரு ஓட்டுன மாதிரியே இருக்குப்பா."

இத்தனை வருடத்தில் என்னைத் தேடி வந்து ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதிலும் நீ வந்து உட்கார்ந்துகொண்டாய். நான் சிரித்துத் தலையாட்டி, அவரைப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

இன்றும் இடைவேளைக்குப் பிறகு மோட்டார் சூடேறும். பாட்டு ஏறுவது காதில் விழும். என் கை தானாகப் போய்க் கைப்பிடியைத் திருப்பி அதை இறக்கிவிடும். உன்மேல் இருக்கும் பொறாமை மட்டும் இறங்கவில்லை, மாப்ள.