கவிழ்ந்த ரோஜா

14.3.1986, வெள்ளி

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா இன்று பேப்பர் வெயிட்டை வாங்கிப்போனார். இறந்துபோன மகள் கடைசியாகத் தலையில் வைத்த ரோஜா. காய்ந்துபோனதை, ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் ரெசினுக்குள் பதித்துத் தரக் கேட்டிருந்தார். அச்சில் கொஞ்சம் ஊற்றி, அது இறுகிய பிறகுதான் பூவை வைக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினேன். பூ மிதந்து, கவிழ்ந்து, அப்படியே இறுகிவிட்டது. என்னிடமிருந்த வேறொரு காய்ந்த ரோஜாவை வைத்து இன்னொன்று செய்து கொடுத்துவிட்டேன்.

“அதே பூ, அப்படியே இருக்குலா தங்கச்சி. சாமி மேடையில அவ படத்துக்கு முன்னால வைக்கிறேன்,” என்றார் அக்கா. நானும் தலையாட்டினேன்.

கெட்டுப்போனதை எறிந்துவிடலாம் என்று இப்போதுதான் எடுத்தேன். விளக்கடியில் பார்த்தால், கவிழ்ந்த பூவின் காம்பில் நீளமாக ஒரு தலைமுடி சுற்றியிருக்கிறது.