ஆடி பதினெட்டில் கிளம்பிய பை

27 ஜூலை 2025, ஞாயிறு

நைட் ஷிஃப்ட் முடிந்து ஏழு மணிக்குத் தேர்வாய் கண்டிகை கம்பெனியிலிருந்து கிளம்பினேன். வீடு வந்து சேர ஒன்பதரை. வழி முழுக்கப் பெரியபாளையம் கோயிலுக்குப் போகும் வண்டிகள். வேன், ஆட்டோ, டாடா ஏஸ், எல்லாவற்றின் முகப்பிலும் வேப்பிலை. ஆடி மாதத்தில் எங்கள் சாலை எங்களுடையதல்ல.

காரைவிட்டு இறங்குவதற்குள் தங்கை கல்பனா போனை நீட்டினாள். பல்கலைக்கழகக் கடிதம். ஐந்து வருடக் கணிதப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 4, திங்கள், பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

மூன்று முறை படித்தேன். எழுத்துகள் மிதந்தன. தூக்கமா, சந்தோஷமா?

"நீதான்கா ஓட்டணும்."

நான்தான். அப்பாவுக்கு டிராக்டர் மட்டும் வரும். அதுவும் எங்கள் வயலுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே.

28 ஜூலை

அப்பா சந்தோஷப்பட்டார். பிறகு காலண்டரைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஆடியில போயி யாராச்சும் பொண்ண புதுசா படிக்க அனுப்புவாங்களா? ஆவணி பொறக்கட்டும்னு சொல்லிப் பாரு."

"யாராண்ட நைனா சொல்றது? யுனிவர்சிட்டியாண்டயா?"

"ஒரு லெட்டர் எழுதிப் போடு. நீதான் எம்.ஏ. படிச்சிகிறியே."

என் எம்.ஏ.வுக்கு இந்த வீட்டில் கிடைத்திருக்கும் முதல் வேலை.

30 ஜூலை

லீவு கேட்டேன். சூப்பர்வைசர் ஜெயராஜ் சார் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தங்கச்சி சேர்றதுக்கு நீ இன்னாத்துக்குமா?" வண்டி ஓட்ட என்றேன். சனி, ஞாயிறு இரண்டு பகலும் வந்தால் திங்கள் தரலாம் என்றார்.

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் வயதா இருபத்தேழு?

31 ஜூலை

நான் படித்த இரண்டு வருடமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். யாரும் கொண்டுபோய் விடவில்லை. அதில் கோபம் உண்டா? இல்லை.

கொஞ்சம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடி பதினெட்டு

ஆறு மணிக்கு வீடு வந்தேன். கால் வீங்கியிருக்கிறது.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, ஆனால் ஆடி பதினெட்டில் தொடங்கலாம். அதனால் காலையில் நல்ல நேரம் பார்த்து, கல்பனாவின் பை ஒன்றை மட்டும் வீட்டைவிட்டுக் கிளப்பி, கிழக்குத் தெரு சுப்பராயன் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. நாளை நாங்கள் போவது, இன்று தொடங்கிய பயணத்தின் மிச்சம்.

"ஏன் அவரு ஊடு?"

"அவன் காப்பு கட்டிக்கினுகிறான். ஊரத் தாண்ட மாட்டான். பை பத்திரமா கெடக்கும்."

அடுத்த ஞாயிறு எங்கள் ஊர்க் கோயிலில் தீமிதி. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியவர்கள் தீ மிதிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சித்தப்பாவுக்கு இது ஏழாவது வருடம். ஏழு முடித்தால்தான் அவர் வேண்டுதல் நிறைவேறும்.

"பையில இன்னா வெச்சே?"

"இன்னாவோ வெச்சேன். நீ போய்ப் படு."

படுக்கிறேன்.

4 ஆகஸ்ட், திங்கள். மாலை

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது வேறு யாருக்கோ நடந்ததுபோல் ஆகிவிடும்.

காலை ஆறு பத்துக்குக் கிளம்பினோம். அம்மா வரவில்லை, மாடு கறக்க வேண்டும். அப்பா முன்சீட்டில், கல்பனா பின்னால் துணிமூட்டைகளுக்கு நடுவே. கிழக்குத் தெருவில் திருவிழாப் பந்தல் அடைத்துக் கிடந்தது. ஏரிக்கரை வழியாக ஓட்டினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆடி பதினெட்டு முடிந்து ஊர் திரும்பும் கூட்டம் எங்களுக்கு முன்னால். ஜனப்பன்சத்திரம் வரவே ஏழேகால். செங்குன்றம் எட்டு. புழல் ஏரியை அப்பா எட்டிப் பார்த்து, "தண்ணி கம்மி" என்றார். நகரத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து.

ரெட்டேரி சிக்னல். எட்டு நாற்பது. கல்பனா பின்னாலிருந்து கையை நீட்டினாள்.

"நைனா, அந்த ஃபைலக் குடு. ஜெராக்ஸ் சரியா கீதான்னு பாத்துக்கறேன்."

"எந்த ஃபைலு?"

"சர்டிபிகேட் ஃபைலு. நீதான எடுத்து வெச்சே?"

அப்பா திரும்பினார். முகத்தில் ஒன்றுமில்லை. பதில் மெதுவாகத்தான் வந்தது.

"பையில வெச்சேன்மா. வெறும் துணிய வெச்சா எப்படி? படிப்புக்குப் போற பையாச்சே."

"பை எங்க?"

"அதான் நேத்தே கெளம்பிடிச்சே…"

சொல்லும்போதே அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் மனதில் அந்தப் பை நிஜமாகவே கிளம்பிவிட்டிருந்தது. நேற்றிலிருந்து அது எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை யார் போய் எடுக்க வேண்டும் என்ற கேள்வியே அவருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லையே! அவரை மட்டும் சொல்ல முடியாது.

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா, சிக்னல்ல குடித்தனம் வந்துட்டியா?" ஓரம் கட்டினேன். பஞ்சர் கடை வாசல்.

திரும்பிப் போய் வந்தால் பகல் ஒன்றரை ஆகிவிடும். பைக்கில் யாராவது கொண்டுவந்தால் முடியும். அப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சுப்பராயா, பை கீதா?"

"கீதுண்ணா. பூ வெச்சு நடுவூட்டுல வெச்சிக்கினுகிறேன். இன்னா, போய்ச் சேந்துட்டீங்களா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ண்ணா?"

"அதுலதான்டா பாப்பா சர்டிபிகேட்டு எல்லாம் கீது."

அந்தப் பக்கம் கோயில் மைக்செட் மட்டும் கேட்டது.

"பசங்க எவனாச்சும் கீறானா?"

"எல்லாம் கம்பெனி பஸ்ஸுல பூட்டானுங்கண்ணா. வண்டி எங்கிட்ட கீது. நான்தான்…" கொஞ்சம் நின்று, "கையில காப்பு கீதுண்ணா."

"தெரியும்டா."

இருவருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை.

பின்சீட்டிலிருந்து கல்பனா சொன்னாள்: "உடு நைனா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அழவில்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களின் குரல் அது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். என்னுடையது. பதினெட்டு வயதில் அது அவளுக்கு எப்படி வந்தது?

அப்பா அவளைப் பார்த்தார். வெகுநேரம். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"சுப்பராயா. நீ வா. எல்லையத் தாண்டி வா. ஆத்தா கேட்டா எங்கண்ணன் ராஜமாணிக்கம் சொன்னான்னு சொல்லு."

ஆடியில் புது மண்வெட்டிகூட வாங்காத மனிதர்.

பத்து இருபதுக்குச் சித்தப்பா வந்தார். மஞ்சள் வேட்டி. பை பெட்ரோல் டேங்க்மேல், பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டிருந்தார். அந்த வெயிலில்.

அப்பா பையை வாங்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, "நாஷ்டா துன்னியாடா?" என்றார்.

"மொதல்ல நீ கெளம்புண்ணா. பாப்பா, நல்லாப் படி. மார்க்கு கம்மியாச்சு, நான் வந்து ஒதைப்பேன்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இறங்கக்கூட இல்லை. கால் தரையில் படாவிட்டால் தாண்டியதாகாது என்று நினைத்தாரோ?

பாடி. திருமங்கலம். கோயம்பேடு: நூறு மீட்டருக்குப் பதினோரு நிமிடம். வடபழனியில் மெட்ரோ வேலைக்கு ரோட்டை மடக்கியிருந்தார்கள். நான் ஓட்டவில்லை, பஸ்களுக்கு நடுவில் கிடைத்த சந்துகள் என்னை இழுத்துக்கொண்டு போயின. ஒரு தண்ணீர் லாரி உரசியது. இடதுபக்கக் கண்ணாடி மடங்கிவிட்டது. நிறுத்தவில்லை. கத்திப்பாராவில் தவறான வளைவில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். கல்பனா ஃபைலை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

பதினொன்று நாற்பத்தெட்டு. பல்கலைக்கழக கேட். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஒரு செருப்பு கழன்றது. திரும்பி வந்து எடுக்கவில்லை. அப்பா போய் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒன்றேகாலுக்கு வெளியே வந்தாள், ஒரு காலில் செருப்போடு, கழுத்தில் அட்டையோடு. அப்பா குனிந்து செருப்பை அவள் முன்னால் வைத்தார். "சேந்துட்டியா?" என்றுகூடக் கேட்கவில்லை.

5 ஆகஸ்ட்

தோள்பட்டை வலி. ஷிஃப்ட் போட்டார்கள், போனேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

தீமிதி. மாலை ஐந்து மணிக்கு இறங்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா இறங்கவில்லை. பூசாரி ஒன்றும் கண்டிக்கவில்லையாம். "அடுத்த வருஷம் மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கோ" என்றாராம், அவ்வளவுதான். ஆறு வருடம் போயிற்று. சித்தி யாரோடும் பேசவில்லை. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும்.

சித்தப்பா கயிற்றுக்கு வெளியே நின்றார். அப்பா அவர் பக்கத்தில் போய் நின்றார். ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாக உள்ளே நின்று தண்ணீர் ஊற்றுபவர் அப்பா. இந்த வருடம் குடத்தை வேறு யாரோ தூக்கினார்கள். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார்கள். புகை அந்தப் பக்கமாகத்தான் வீசியது. நகரவில்லை.

19 ஆகஸ்ட்

கல்பனா போன் செய்தாள். ஹாஸ்டல் சாம்பார் இனிக்கிறதாம். அறைத்தோழி திருநெல்வேலி. "அவ பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவளுக்குப் புரியல, கணக்குதான்கா பேசிக்கிறோம்."

2 செப்டம்பர்

ஷிஃப்ட். ஷிஃப்ட். மழை.

14 செப்டம்பர், ஞாயிறு

அவளைப் பார்க்கப் போனேன். தனியாகத்தான், அப்பாவுக்கு நடவு. முறுக்கும் இரண்டு நைட்டியும் கொடுத்தேன். கேன்டீனில் டீ வாங்கித் தந்தாள், என்னைக் கேட்காமலே சர்க்கரை கம்மியாக. மூன்று பெண்கள் வந்து ஏதோ நிரூபணம் பற்றிச் சண்டை போட்டார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து, ஒரு டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரைமணி நேரம் புரியாமலே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சும்மா உட்கார்ந்து?

கேட்வரை வந்தாள். ஜன்னலில் குனிந்து, "வந்த வழியிலயே போவாதக்கா. பாலத்து மேல ஏறாத, கீழயே போயி ரெண்டாவது சிக்னல்ல ரைட் எடு. இருபது நிமிஷம் மிச்சம்" என்றாள். நடைபாதையில் நின்றபடி கையைத் தூக்கி, பின்னால் வந்த பஸ்ஸை ஒரு நொடி நிறுத்தி, எனக்கு வழி செய்து கொடுத்தாள்.

"ஊட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு. மறந்துடாத."

அவள் சொன்ன வழியில் போனேன். இருபது நிமிடம் மிச்சம்தான்.

ஏழு மணிக்கு வீடு. மெசேஜ் போட்டேன். இன்னும் பார்க்கவில்லை. படித்துக்கொண்டிருப்பாள்.