புள்ளிக்கோடு

உசிலம்பட்டி
ஜூலை 6

அன்புள்ள தம்பி அழகுராஜாவுக்கு,

அக்கா தமிழ்ச்செல்வி எழுதுகிறேன். இங்கே அம்மா, ரோகிணி, உன் அத்தான், நான் எல்லோரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். மனசுக்கு எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸப் இருக்கும்போது எதற்குக் காகிதமும் கூரியரும் என்று நினைப்பாய். நீ வாட்ஸப்பில் போட்ட ஒன்றால்தான் மூன்று வாரமாக நான் படாத பாடு படுகிறேன். இனி நமக்குள் பேசுவது எதுவும் குரூப்புக்குப் போக வேண்டாம்.

நீ ஜெர்மனியில் உட்கார்ந்து மனிதன் எப்படிக் கூட்டமானான், குடும்பமானான், ராஜ்ஜியம் கட்டினான் என்று ஆராய்ச்சி செய்கிறாய். செய், யார் வேண்டாம் என்றது? போன வருஷம் வந்தபோது ஒவ்வொருவர் முன்னாலும் போனை நீட்டிப் பேச்சைப் பதிவு செய்தாய். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னோம். அந்த இருபது பக்கக் கேள்வித்தாளையும் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நான்தான் நிரப்பி அனுப்பினேன். ‘குடும்பத் தலைவர் யார்?’ என்று ஒரு கட்டம். ரேஷன் கார்டில் நான். கேஸ் புத்தகத்தில் அப்பா, அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கோயில் வரி வாங்க வருகிறவர்களுக்குப் பெரியப்பா மகன். இன்றைக்கு என்ன குழம்பு என்பதிலிருந்து இந்த முறை யாருக்கு ஓட்டு என்பதுவரை அம்மா. ஒரு கட்டத்துக்குள் நான் யாரைப் போட்டு அடைக்க?

‘முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம்?’ என்று இன்னொன்று. டீக்கடை பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்து ஒரு மாதிரிப் பேசுவார்கள். சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு வந்து வேறு மாதிரிப் பேசுவார்கள். நடுவில் நடந்ததை எழுத உன் கேள்வித்தாளில் இடமே விடவில்லை.

நான் ஒன்றும் தெரியாமல் பேசவில்லை. இ-சேவை மையம் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. வாரிசுச் சான்றுக்கு வருகிறவர்களிடம் ‘உறவுமுறை என்ன?’ என்று தினமும் கேட்கிறவள் நான். போன மாதம் ஒரு அம்மா, ‘நான் பெறலம்மா, வளத்தேன். ஆனா அவன் எம் மகன்தான்’ என்றது. கம்ப்யூட்டரில் வரும் பட்டியலில் அப்படி ஒரு வரி கிடையாது. அரசாங்கத்துக் கம்ப்யூட்டருக்குத்தான் அறிவில்லை என்று நினைத்திருந்தேன்.

நீ அந்தக் கொடிவழிப் படத்தைக் குரூப்பில் போட்டாய். ‘நம் ஏழு தலைமுறை’ என்று தலைப்பு வேறு. ரத்த வழியில் வந்தவருக்கு முழுக்கோடு, மற்றவருக்குப் புள்ளிக்கோடு என்று ஓரத்தில் ஒரு விளக்கம். பெட்டி பெட்டியாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சரியாகப் படிக்காமல் நானும் கட்டைவிரல் போட்டேன். அது என் தப்பு.

ரோகிணிக்கும் வாடிப்பட்டி செல்வக்குமாருக்கும் சித்திரையில் பூ வைத்தோம். ஆவணி எட்டாம் தேதி கல்யாணம், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அதுகள் இரண்டும் மூன்று வருஷமாக ஒன்றையொன்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். அந்த வீட்டுப் பெரியவர் தவமணி, மாப்பிள்ளையின் சின்னத்தாத்தா, உன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். உன் அத்தான் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் என்பதால் ரோகிணிக்கும் நம் கோயில், நம் வகையறாதான். அவள் பெட்டியிலிருந்து விரலை மேலே நகர்த்தினால் என் வழியாக, அப்பா வழியாக, அப்பாவின் தாத்தா கருத்தக்கண்ணன் வந்துவிடுகிறார். அவரிடமிருந்து முழுக்கோடு வாடிப்பட்டி மொக்கையனுக்குப் போகிறது. செல்வக்குமார் பெட்டியிலிருந்து போனாலும் அதே மொக்கையன் வீடு. மறுநாள் காலையில் ஆறு பேரோடு வேனில் வந்து இறங்கிவிட்டார். ‘ஜெர்மன்ல படிக்கிற பய போட்ட கோடு பொய்யாகுமா? நீங்களும் நாங்களும் பங்காளியாம்ல. அண்ணன் தங்கச்சிக்கா தாலி எடுத்துக் குடுக்கச் சொல்றீக?’ என்றார்.

மொக்கையன் செத்த பிறகு அவர் பெண்சாதி மாயக்காள் ஒரு வயதுப் பிள்ளையோடு நம் காசிமாயனைக் கட்டிக்கொண்டு வந்த கதை யாருக்குத் தெரியாது? அதில் ஒளிவுமறைவும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்தப் பிள்ளைதான் கருத்தக்கண்ணன். வந்த வருஷமே காசிமாயன் அவரை மடியில் வைத்துக்கொண்டு கோயிலில் உட்கார்ந்தார். கிடா வெட்டிப் பங்காளிகளுக்குக் கறி கூறு போட்டபோது, ‘எம் மகனுக்கு ஒரு பங்கு’ என்று கேட்டு வாங்கினார். கொடுத்தார்கள். அன்றோடு அவர் இந்தக் கோயில், இந்த வகையறா. அதற்குப் பிறகு வாடிப்பட்டிக்காரர்கள் நமக்கு மாமன் மச்சான். இதைப் பெரியப்பா மகன் உன் போனில் சொன்னபோது நான் காபி எடுத்துக்கொண்டு வந்தேன், நீ தலையாட்டிக்கொண்டு இருந்தாய். பங்காளி என்ற சொல்லில் ரத்தம் எங்கே இருக்கிறது? பங்குதானே இருக்கிறது. இத்தனை படித்தவனுக்கு அது காதில் விழவில்லையா?

இன்னொன்றும் நீ பார்க்கவில்லை. நம் அம்மா எந்த ஊர்? வாடிப்பட்டி. எந்த வகையறா? அதே மொக்கையன் வகையறா. உன் கோடு சரி என்றால் அப்பாவும் அம்மாவும் அண்ணன் தங்கை. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தவமணிதான் அம்மாவுக்குச் சீர்த்தட்டு தூக்கி வந்தவர். அத்தனை பேர் முன்னாலும் நான் அவரிடம், ‘அப்ப நான் யாருங்கய்யா?’ என்று கேட்டேன். தவமணி, ‘அதெல்லாம் சரித்தா. எழுதினது எழுதினதுதான. கோடு போட்டவன் வந்து எங்க முன்னாடி சொல்லட்டும்’ என்று எழுந்துவிட்டார். ஆடிக் கடைசி ஞாயிறு நம் கோயிலில் கிடா வெட்டு. அதற்குள் நீ வந்து சொன்னால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்பது அவர்கள் பேச்சு. ரோகிணி மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா மேல் கோபம் இல்லைம்மா என்று மட்டும் சொல்கிறாள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

போனில் கேட்டால் நீ என்ன சொன்னாய்? லீவு பார்க்கிறேன் என்றாய். பிறகு, ‘தாய்மாமன் முறைக்குப் பெரியப்பா மகனையே நிறுத்துங்கக்கா, முறைப்படி அவுகதான நிக்கணும்’ என்றாய். என்ன முறை? யார் முறை? போனை வைத்துவிட்டு உன் படத்தை ஒரு பெரிய தாளில் அச்செடுத்தேன். அப்போதுதான் என் பெட்டிக்குப் பக்கத்தில் உன் பெட்டியைப் பார்த்தேன். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் முழுக்கோடு. உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் புள்ளி.

அம்மா தாளை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தது. எழுத்துத் தெரியாது, கோடு தெரியும். ‘தம்பிக்கு மட்டும் ஏன்டி கோடு விட்டு விட்டுப் போகுது?’ என்று கேட்டது. பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அம்மா நம்பியதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தாளைத் திரும்பக் கேட்கவில்லை.

அம்மா கூடப் பிறந்த சின்னம்மா உன்னைப் பெற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்ததும், உன்னைப் பெற்றவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் போனதும் உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நாங்கள் யாரும் மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா தன் பெயரைத்தான் இனிஷியலாகக் கொடுத்தார். அவருக்குக் கொள்ளி வைத்தவன் நீ. அன்றைக்கு யாராவது உன்னை, நீ முழுக்கோடா புள்ளிக்கோடா என்று கேட்டார்களா? எப்போதிருந்து நீ இப்படி நினைக்கிறாய்? என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு படத்தில் புள்ளியாகப் போட்டுச் சொல்லத் தோன்றியதா உனக்கு?

ஒரு விஷயம் உன் பதிவில் இல்லை. யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் எனக்கு மட்டும்தான் அது பெரிய விஷயம். உனக்கு மூன்று மாசம். அந்த வருஷக் கிடா வெட்டுக்கு அப்பா உன்னைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஏழு வயசு, கூடவே போனேன். கறி கூறு போடும்போது அப்பா, ‘எம் மகனுக்கு ஒரு பங்கு வைங்க’ என்றார். ‘பல்லு மொளைக்காத பயலுக்கு எதுக்குண்ணே கறி?’ என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. இலையை நீட்டியபடியே நின்றார். வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மா அதைத் தனியாக ஒரு சட்டியில் ஆக்கியது. நீ தூங்கிவிட்டாய். அதை நான்தான் தின்றேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று பத்திரிகை. தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயர் அச்சாகிவிட்டது, அப்பாவின் இனிஷியலோடு. மாற்ற முடியாது. இன்னொன்று உன் படம். காசிமாயனுக்கும் கருத்தக்கண்ணனுக்கும் நடுவிலும், அப்பாவுக்கும் உனக்கும் நடுவிலும் கடையில் இருந்த நீலப் பேனாவால் புள்ளி மேல் கோடு இழுத்துவிட்டேன். கொஞ்சம் கோணலாக இருக்கும்.

பத்திரமாக வந்து சேர். ஆடிக் கடைசி ஞாயிறு அப்பா நின்ற இடத்தில் நான் இலையோடு நிற்பேன். இந்த முறை உன் பங்கை நான் தின்ன மாட்டேன்.

உன் அக்கா,
தமிழ்ச்செல்வி