எங்கட பக்கம் ஒண்டுமில்ல

இன்று காலை அடுத்த வீட்டுக்காரர் தணல் சட்டியில் கந்தகத்தைப் போட்டுவிட்டார். எங்கள் ஊர் மடவளை முழுக்க மலேரியாக் காய்ச்சல். நுளம்பை விரட்ட யாரோ சொல்லிக் கொடுத்த வழியாம். வேலிக்கு மேலால் அந்த மணம் வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். “என்ன, காய்ச்சல் வருத்தமா?” என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். இல்லை என்று சொல்வதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரியாமலே நீ போய்விட்டாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கண்டியில் நம் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் என் அரிசிக்கடை. அந்தப் பக்கம் உன் தையல் கடை, அதன் பின்னறையில் உன் குடித்தனம். சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அதனால் நீ மெஷினை மிதித்தபடியே பேசுவாய், நான் அரிசி அளந்தபடியே பதில் சொல்வேன். கலஹாவில் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து தையல் படித்து டவுனுக்கு வந்தவன் நீ. நான் மடவளைச் சோனகன், முஸ்லிம். என்னைவிட நீ நாலைந்து வயது இளையவன், அதனால் நான் உனக்கு நானா, அண்ணன்.

“நானா, ஒங்க அரிசியில கல்லு பொறுக்கியே எம் பொஞ்சாதிக்கு கண்ணு போச்சு.”

“கல்ல விட்டுட்டு அரிசியப் பொறுக்கச் சொல்லு, சுருக்கா முடியும்.”

இப்படித்தான் நம் பகல்கள் போயின. அந்தப் பேச்சுக்கு இப்போது எனக்கு ஆளில்லை.

பிறகு அந்த நோய் வந்தது. அது நம் ஊர் நோய் அல்ல. துறைமுகம் துறைமுகமாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கொள்ளைநோய். சீனத்தில் என்றார்கள், பம்பாயில் என்றார்கள், பிறகு கொழும்பில் என்றார்கள். ரங்கூன் அரிசி மூட்டையோடு எலி வரும், எலியோடு தெள்ளுப்பூச்சி வரும், எலி செத்தால் தெள்ளு மனிதன் மேல் ஏறும் என்று தமிழிலும் சிங்களத்திலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். செத்த எலியைக் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். அறிவித்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு புடவைக் கடைக்காரர் நல்ல மனிதராக இருந்து அறிவித்தார். அந்த வரிசைக் கடைகள் எல்லாவற்றையும் பூட்டினார்கள். கூரை ஓட்டைக் கழற்றி வெயிலை உள்ளே விட்டார்கள், கந்தகப் புகை போட்டார்கள், ஆட்களை ஊருக்கு வெளியே முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பி வந்தபோது அவருக்குக் கடை இருந்தது, வாடிக்கை இல்லை. பிறகு தலையில் மூட்டையோடு கிராமம் கிராமமாகத் துணி விற்றுத் திரிந்தார். அவருடைய வரிசையில் இருந்த மற்றவர்கள் அவருக்கு ஸலாம் சொல்வதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நம் தெருவில் ஒரு எலியும் சாகவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல அது. ஆனால் எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

நான் மனைவி மக்களை மடவளைக்கு அனுப்பினேன். நீ உன் மனைவியையும் மகள் ரோசாவையும் கலஹாவில் மாமனார் வீட்டுக்கு அனுப்பினாய். தோட்டத்துக்காரர்கள் டவுனுக்கு வரப் பயந்தார்கள். பெருநாளுக்குத் துணி தைக்க யாருமில்லை. மூட்டை தூக்கும் நாட்டாமிகள் பகல் முழுக்கச் சுவரில் சாய்ந்து குந்திக்கொண்டிருந்தார்கள். உன் மெஷினில் அப்போது ஓடியது ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான். ரோசாவின் புதுநன்மைக்கு, கோயிலில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, நீயே தைத்த சட்டை. கையில் எத்தனை மடிப்பு, கழுத்தில் எத்தனை சரிகை என்று பலகைச் சுவருக்கு மேலால் எனக்கு வர்ணித்துக்கொண்டே இருந்தாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். சுவாமியார் நாள் குறித்துவிட்டார். பிள்ளையைக் கூட்டிவருவதா வேண்டாமா என்பது மட்டும்தான் உன் கவலை.

அந்த வியாழக்கிழமை காலையில் கடையைத் திறந்தேன். மூட்டை அடுக்கின் இடுக்கில் இரண்டு எலி செத்துக் கிடந்தன. மூன்றாவது உயிரோடு இருந்தது. குடித்தவன் மாதிரித் தள்ளாடிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து என் கண்முன்னால் சரிந்து விழுந்தது. அதற்கு முந்திய நாள்தான் ரயிலில் வந்த அரிசி இறங்கியிருந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். மூன்றையும் சாக்குத் துண்டில் சுற்றிக் கடைக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன். சவர்க்காரம் தேய்த்துக் கை கழுவினேன். லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்கும் போனேன்.

பிற்பகலில் நீ வந்தாய். அளவு நாடா கழுத்தில் தொங்கியது. அன்று சுவருக்கு மேலால் பேசாமல் நேரே என் முன்னால் வந்து நின்றாய்.

“நானா, ஒங்க பக்கம் எலி ஏதும் செத்து விழுந்துச்சா?”

“எங்கட பக்கம் ஒண்டுமில்ல. ஒன்ட பக்கம்?”

“நம்ம பக்கமும் ஒண்ணும் இல்ல நானா.”

“அப்ப என்ன யோசன?”

“அப்பன்னா ரோசாவ கூட்டியாந்துர்றேன். நீங்க சொன்னா சரிதான்.”

நீங்க சொன்னா சரிதான். இந்த மூன்று சொல்லையும் ஏழு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் பொய் தெரியாதவன் அல்ல. புது அரிசியைப் பழைய அரிசி என்று சத்தியம் பண்ணி விற்றவன். ஆனால் அவை வியாபாரத்தில் சொன்ன பொய்கள், வாங்குகிறவனுக்கும் தெரியும். இதை நீ நம்பினாய். “கொஞ்ச நாள் பொறுத்துக் கூட்டி வாவன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எலியைப் பற்றிச் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. அதைச் சொல்லவும் பயந்தேன், நீ ஏன் என்று கேட்பாய் என்று. என் பிள்ளைகளை மடவளையிலிருந்து நான் கூட்டிவரவில்லை. அதை நீயாவது கவனித்திருக்கக் கூடாதா என்று சில நாள் உன்மேல் கோபம்கூட வந்திருக்கிறது. மனிதனுக்கு எவ்வளவு வெட்கங்கெட்ட கோபமெல்லாம் வருகிறது பார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினார்கள். ரோசா என் கடைக்கு ஓடிவந்து பொரிவிளாங்காய் கேட்டாள். கொடுத்தேன். அவளிடம் உள்ளே வராதே, வாசலில் நில் என்று சொன்னது மட்டும்தான் நான் செய்த நல்ல காரியம்.

அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நீ ஒரு நாள் மறைத்தாய். மறுநாள் தொடையிடுக்கில் கட்டி கண்டதும் பலகைச் சுவரைத் தட்டி, “நானா, சொல்லிரவா?” என்று கேட்டாய். அன்று மட்டும் நான் உண்மையானவனாக இருந்தேன். “சொல்லு, ஓடு,” என்றேன். வண்டி வந்தது. அவளைத் தூக்கிப் போனார்கள், பின்னால் நம்மையும். முகாமில் நீயும் நானும் ஒரே கொட்டகையில் இருந்தோம். உன் மனைவியைப் பெண்கள் பக்கத்தில் வைத்தார்கள். ரோசாவை நோயாளர் கொட்டகையில் வைத்தார்கள். இடையில் கம்பி வேலி. உன்னைப் போக விடவில்லை. மூன்றாம் நாள் ஓர் உத்தியோகத்தர் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உன் பெயரைக் கூப்பிட்டார். அவர் வாய் திறக்கும் முன்னே நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையை நீ பற்றிக்கொண்டாய். தட்டிவிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்பதைக்கூடப் பிறகுதான் காட்டினார்கள். கடையில் இருந்த துணி எல்லாவற்றையும் எரித்தார்கள். வாடிக்கைக்காரருடைய கோட்டு, கால்சட்டை, அந்த வெள்ளைச் சட்டை, எல்லாம்.

திரும்பி வந்தபோது நம் தெரு செத்துப்போயிருந்தது. எங்கள் அரிசியை வாங்கினால் வீட்டில் கட்டி வரும் என்று பேச்சு. வண்டிக்காரர்கள் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்த மறுத்தார்கள். என்னிடம் வேலை செய்த நாட்டாமிகளில் ஒருவன் ரோட்டில் கல்லுடைக்கப் போனான், ஒருவன் இந்தியாவுக்குத் திரும்பிப் போனான். நாவிதர்கூட எங்களைக் கண்டால் கத்தியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். நான் கடையை விட்டு மடவளைக்கு வந்து இந்தச் சின்னச் சில்லறைக் கடையைப் போட்டேன். எந்தக் கடையைக் காப்பாற்ற வாயை மூடினேனோ அந்தக் கடை ஒரு வருடம்கூட நிற்கவில்லை. நீ மெஷினைத் தூக்கிக்கொண்டு பேராதனைக்குப் போனாய். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய கடை விறாந்தையில் உட்கார்ந்து கிழிசல் தைத்தாய். தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த பிறகு கிழிசல் தைக்கவும் ஆள் வரவில்லை.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வந்து உன் பக்கத்தில் குந்துவேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் பஸ் ஏறுவேன். நீ என் முகத்தைப் பார்த்து என்ன நினைப்பாயோ, “அது முடிஞ்சு போன கத நானா, விடுங்க,” என்பாய். விட்டுவிட்டேன். விடச் சொன்னவன் நீ என்று எனக்கு ஒரு சாட்டும் கிடைத்தது.

போன மாதம் இந்தக் காய்ச்சல் உன்னையும் கொண்டுபோனது. செய்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. உன் மனைவி அழவில்லை. என்னைக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு எதிரே சுவரோரம் நின்றாள்.

“சாகுறதுக்கு மொத நாளு எங்கிட்ட சொன்னாரு நானா. சுவாமியாருகிட்டயும் பாவசங்கீர்த்தனத்துல சொன்னாராம். மெஷினுக்கு அடியில ரெண்டு எலி செத்துக் கெடந்துச்சாம். எடுத்துச் சாக்கடக் கான்ல வீசிட்டாராம். வெளிய தெரிஞ்சா கடைய பூட்டிருவாங்க, புள்ளைக்கி புதுநன்மை நின்னு போயிருமின்னு. ஒங்ககிட்ட கேட்டாராம். நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதும், நம்ம பக்கம் விழுந்தது வேற எதையோ தின்னு செத்திருக்கும்னு மனச தேத்திக்கிட்டாராம்.”

கேட்கக் கேட்க எனக்கு விளங்கியது. நீ அன்று என்னிடம் வந்தது எலி உண்டா என்று கேட்க அல்ல. உன் கண்ணால் கண்டதைப் பொய் என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாய். நான் சொன்னேன். நானும் உன் பதிலை வைத்துத்தான் என் மனதை ஆற்றினேன், பக்கத்துக் கடையிலேயே இல்லையாம், இந்த மூன்றும் வழிதவறி வந்தவை என்று. ஒரு பலகைச் சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பொய்யர்கள், ஒருவனை ஒருவன் நம்பிக்கொண்டு.

அப்போது அவள் கேட்டாள். “ஒங்க பக்கம் நெசமா ஒண்ணும் இருக்கலதானே நானா?”

ஏழு வருடம் கழித்து அதே கேள்வி. கடை இல்லை, அரிசி இல்லை, பூட்டுவதற்கு ஒரு கதவும் இல்லை. பயப்பட என்ன இருந்தது? வாய் தானாகவே சொன்னது: “இல்ல தங்கச்சி. எங்கட பக்கம் ஒண்டுமில்ல.”

அவள் தலையை ஆட்டினாள். “அப்ப எம் புள்ளைய கொன்னது அவருதான்,” என்றாள். “அவருக்கு முப்பதாம் நாள் பூச நா வக்கப் போறதில்ல. கல்லறைப் பக்கமும் போகப் போறதில்ல.”

உன்னைத் தனியாக அந்தக் குழியில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறி வந்தேன். செத்தவன் தலையில் என் பங்கையும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன். உனக்குச் சொல்ல ஒரு சுவாமியார் இருந்தார், ஒரு மனைவி இருந்தாள், சொல்லவும் மனம் வந்தது. எங்கள் மார்க்கத்தில் மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதனிடமே மாப்புக் கேட்டு வாங்க வேண்டும். உன்னிடம் கேட்கும் காலம் போய்விட்டது. மிச்சம் இருப்பது அவள்.

நாளை முப்பதாம் நாள். காலையில் பேராதனை பஸ்ஸில் போகிறேன். இந்த முறை அவள் கேட்கமாட்டாள். கேட்காமலே நான்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி. எழுதிப் பார்க்கிறேன்: தங்கச்சி, எங்கட பக்கம் மூண்டு இருந்திச்சு.

எழுத வருகிறது. வாய்க்கு இன்னும் வரவில்லை.