அடுக்களையிலிருந்து கேட்ட கோல்கள்

ஜூலை 8, செவ்வாய்

நான்காவது நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை, ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கொடி. இந்தியாவுக்கு ஹாக்கி காலிறுதி. வீட்டுக்காரர் ஸ்டீபன் தளேகாவ் ஃபாக்டரியிலிருந்து முந்தின லோக்கல் ரயிலிலேயே ஓடி வந்துவிட்டார். நான் வழக்கம்போல அடுக்களையில்.

"கிரேஸ், வெளிய வந்துராத. அங்கனயே இரு."

இரண்டு கோல், ஜெயித்தோம். இரண்டாவது விழுந்தபோது மகள் நீனா பாத்ரூமில். "அரே, இவளுக்கும் அம்மா ராசிதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஜூலை 9, புதன்

ஸ்கூல் ஆபீஸில் அட்மிஷன் ஃபாரம் அடுக்கும் வேலை. கை அதில், மனசு நேற்றில்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்போதும் இதே கட்கி ஏரியாதான். மேட்ச் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், இந்தியா கோல் போட்டது. அடுத்த மேட்சிலும் அப்படியே. அப்பா: "நீ உள்ளயே இருந்துக்கோ தங்கம். ஒன்னாலதான் ஜெயிக்கிறோம்." பெருமை தாங்கவில்லை எனக்கு. கதவுக்குப் பின்னால் நின்றே ஹாக்கிப் பைத்தியம் ஆனேன். கமெண்டரிக் குரல் ஏறினால் பந்து கோலுக்குப் பக்கத்தில். அப்பா தொடையில் அடித்துக்கொண்டால் வெளியே போய்விட்டது. எல்லாரும் கப்பென்று அடங்கினால் பெனால்டி கார்னர். கோல் விழுந்ததும் கூப்பிடுவார், ரீப்ளே பார்க்க. நேரடியாக ஒன்றுகூடப் பார்த்ததில்லை, இன்று வரை.

கல்யாணத்தின்போது அப்பா இதையும் ஸ்டீபனிடம் சொல்லித்தான் அனுப்பினார்.

ஜூலை 10, வியாழன்

வாங்க: காஸ் லைட்டர், நீனாவுக்கு ரெயின்கோட், பாவ், கொத்தமல்லி.

நாளை அரையிறுதி. நீனா தோழியிடம் போனில் இந்தியில் அளக்கிறாள். அவளால்தான் கோல் விழுகிறதாம், நாளைக்கு அடுக்களையில்தான் உட்காருவாளாம். ஒன்பது வயது. அந்தப் பெருமை எனக்குத் தெரிந்த பெருமை.

ஸ்டீபனிடம் சொல்லிப் பார்த்தேன். "வெளையாட்டுக்குத்தான சொல்றேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குற." சண்டை போடத் தெம்பில்லை.

ஜூலை 11, வெள்ளி

மழை. யாரும் சொல்லாமலே நீனா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்துவிட்டாள். பாவ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. திடீரென்று ஹாலில் சத்தமே இல்லை.

"அம்மா, இப்ப என்ன நடக்குது?"

"பெனால்டி கார்னர்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அடுப்பை அணைத்தேன். அவள் கையைப் பிடித்து நேரே ஹாலுக்கு, ஸோஃபாவில்.

"ஏ கிரேஸ், என்ன பண்ற நீ? ஏழு நிமிஷந்தான் இருக்கு."

"அதான் வந்தோம்."

கார்னர் எதிரணிக்கு. கோல். நாற்பத்துமூன்று வயதில் நேரடியாகப் பார்த்த முதல் கோல், நம் வலையில். பந்து அவ்வளவு வேகமாகப் போகும் என்று தெரியாது.

ஸ்டீபன் டிவியை விட்டு எங்களையே பார்த்தார். நீனா பாதி எழுந்துவிட்டாள். ஃபிராக்கைப் பிடித்து உட்கார வைத்தேன். கடைசி வரை உட்கார்ந்திருந்தோம். தோற்றோம்.

பாவ் ரொட்டியை யாரும் தொடவில்லை.

நீனா: "அம்மா, நாம வெளிய வந்ததாலயா?"

இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.